காலிக் கோட்டில் எழுத வேண்டிய எண்

நான்கு மாதமாக நம் எல்லோருடைய ஏச்சையும் பேச்சையும் பொறுமையோடு வாங்கிக்கொண்டு, இன்று இந்தப் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்து அரங்கில் தலைமையேற்று அமர்ந்திருக்கும் மாண்புமிகு மேயர் வில்மா ஹோகன் அம்மையார் அவர்களே, அவருக்கு வலமும் இடமுமாக வீற்றிருக்கும் நகரமன்ற உறுப்பினர்களே, ஹாலோவே நகரின் காற்றுக்கும் கடுங்குளிருக்கும் அஞ்சாமல் எழுபது எண்பது குளிர்காலங்களைக் கடந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு, பிள்ளைகளுக்குக் குல்லாய் மாட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கும் தாய்மார்களே, சுரங்கத்தில் வேலை முடிந்து முகம் கழுவவும் நேரமின்றி ஓடிவந்திருக்கும் தோழர்களே, கடைசி வரிசையில் தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்குவதாக நடிக்கும் என் சக குழாய்த் தொழிலாளர்களே, உங்கள் அனைவருக்கும் குழாய்க்காரி ரோண்டா கிம்பலின் பணிவான வணக்கம்.

மேயரம்மா எனக்கு மூன்று நிமிடம் தந்திருக்கிறார். முடிந்ததும் மணி அடிப்பாராம். இருபத்தாறு ஆண்டுகளாக இந்த ஊரின் சாக்கடைக்குள் தலையை விட்டவளுக்கு மூன்று நிமிடமா? அடியுங்கள் அம்மா, நன்றாக அடியுங்கள். மணி பாட்டுக்கு அடிக்கட்டும், நான் பாட்டுக்குப் பேசுகிறேன்.

"பழுப்பா, பச்சையா, அதச் சொல்லு மொதல்ல" என்று அங்கே ஒருவர் குரல் கொடுக்கிறார். சொல்கிறேன் ஐயா, பொறுங்கள். சென்ற வாரம் குடிவந்த புதிய ஆசிரியை ஒன்றும் புரியாமல் விழிப்பதைப் பார்க்கிறேன். அவருக்கு முதலில் விளக்கிவிடுகிறேன்.

அம்மா, வீடு கட்டுகிறவர்கள் குழாயை எப்படிப் போட வேண்டும், எங்கே போட வேண்டும், எதனால் போட வேண்டும் என்று சொல்வதற்கு ஒரு விதிநூல் உண்டு. எந்த நூலை ஏற்பது என்பதை அந்தந்த ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகளாக நம்மிடம் இருப்பது பழுப்பு அட்டை நூல். இப்போது பச்சை அட்டை நூலுக்கு மாறலாம் என்கிறார்கள். கைகழுவும் தொட்டியின் காற்றுக்குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வானத்தைப் பார்க்க வேண்டும் என்கிறது பழுப்பு. தொட்டிக்கு அடியில், காற்றை உள்ளே விட்டு நாற்றத்தை அடைக்கும் உள்ளங்கையளவு ஒரு மூடி வைத்தால் போதும் என்கிறது பச்சை. இவ்வளவுதான் சண்டை. மூன்று கூட்டங்களில் மூன்று முறை வாசித்தால்தான் இங்கே எதுவும் சட்டமாகும். இரண்டு வாசிப்பு முடிந்தது. இன்று மூன்றாவது, அதாவது கடைசி.

இந்த உள்ளங்கை மூடிக்காக நாம் போட்ட கூத்து கொஞ்சமா? பந்துருட்டும் அணி இரண்டாய்ப் பிளந்தது. முடிவெட்டும் கடையில் பழுப்புக்காரருக்கு ஒரு கிழமை, பச்சைக்காரருக்கு ஒரு கிழமை என்றானது. தீயணைப்பு நிலையத்து பிப்ரவரி மாத விருந்தில் சில்லிக் குழம்பை இரண்டு அண்டாவில் காய்ச்சினீர்கள். பழுப்பு அண்டாவில் பச்சைக்காரர் கரண்டி விடக் கூடாதாம். நான் இரண்டிலும் வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டிலும் உப்பு அதிகம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் பழுப்புப் படைக்குத் தளபதியாக நின்றவள் யார்? இந்த ரோண்டாதான். முதல் வாசிப்பன்று, இதோ இரண்டாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாரே வீடு கட்டும் ஒப்பந்தக்காரர் வெஸ் ட்ரம்மண்ட், அவரோடு இதே அரங்கில் நான் போட்ட சண்டை உங்களுக்கு மறந்திருக்காது.

"ஒரு கூரையில பன்னண்டு ஓட்ட போட்டு வெச்சிருக்கியே ரோண்டா, அது வீடா இல்ல சல்லடையா?" என்று கேட்டார் அவர்.

"உன் மூடி ஒட்டிக்கிட்டா வீட்டுக்குள்ள ஒரு வாசன வருமே வெஸ், அதுக்கு நீ வந்து மெழுகுவத்தி ஏத்தி வைப்பியா?" என்று கேட்டேன் நான்.

கைதட்டினீர்கள். இன்றைக்கும் அதுபோல ஒரு பேச்சை எழுதி, கண்ணாடி முன் நின்று மனப்பாடமும் செய்தேன். அந்தத் தாளை வீட்டு மேசையிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஏன் என்பதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன்.

மூன்றாம் வரிசையில் இரண்டு பெண் குழந்தைகளோடு அமர்ந்திருப்பவரை எல்லோருக்கும் தெரியும். டாரா மெக்கவன். நம் பிள்ளைகளைப் பனியிலும் புயலிலும் பத்திரமாகப் பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் மஞ்சள் பேருந்தை ஓட்டுபவர். கட்பேங்க் தெருவில் ஏழாம் எண் வீடு. சனவரி மாதத்தில் ஒருநாள் காலை அவரிடமிருந்து தொலைபேசி வந்தது.

"ரோண்டா, குளியல் தொட்டிக்குள்ள என்னமோ கருப்பா ஏறி வருதுங்க. தண்ணி உள்ள போக மாட்டேங்குது. புள்ளைங்கள நிக்க வெக்கக்கூட எடமில்ல. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

போனேன். வீட்டிலிருந்து தெருவுக்குப் போகும் கழிவுநீர்க் குழாய் மண்ணுக்குள் உறைந்து கிடந்தது. நீராவி விட்டு இளக்கினேன். இரண்டு வாரத்தில் மறுபடி உறைந்தது. மறுபடி இளக்கினேன். மூன்றாம் முறை உறைந்தது. இந்தக் குளிர்காலம் எப்படிப்பட்டதென்று உங்களுக்கே தெரியும். பனி பெய்து மண்ணைப் போர்த்தியிருந்தால் குளிர் ஆழத்துக்கு இறங்காது. பனியே பெய்யாமல் நம் வயோமிங் மாநிலத்துக் காற்று மட்டும் வீசினால் மண் அடியோடு கல்லாகிவிடும். அந்தக் குழந்தைகள் இரண்டும் இரண்டு மாதமாக எங்கே குளிக்கின்றன தெரியுமா? இதோ, இந்தச் சுவருக்குப் பின்னால், விளையாட்டு அணியினர் உடை மாற்றும் அறையில். பள்ளி திறக்குமுன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

நான்காம் முறை உறைந்தபோது தோண்டிப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். மண்ணைக் கரியிட்டுச் சூடாக்கி, இயந்திரத்தால் இடித்து, இரண்டு நாள் பட்ட பாட்டில் குழாய் தென்பட்டது. அளந்தேன். முப்பது அங்குலம். தாய்மார்களே, தரையிலிருந்து வெறும் முப்பது அங்குலம். என் இடுப்பு உயரம்கூட இல்லை.

பள்ளத்தின் ஓரத்தில் நின்ற டாரா குனிந்து பார்த்தார். "இவ்ளோ மேலயா பொதைப்பாங்க? எந்த மடையன் செஞ்ச வேலைங்க இது?" என்று கேட்டார்.

"பழைய வேலை. யாரு செஞ்சான்னு சொல்ல முடியாது" என்றேன்.

அன்புக்குரியவர்களே, நான் சொன்னது பொய்.

குழாய்த் தொழிலில் ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மண்ணை மூடுவதற்கு முன் குழாயின் முதுகில் கறுப்பு மையால் பெயரையும் தேதியையும் எழுதிவைப்பது என் பழக்கம். பெருமைக்காகச் செய்வது. யாராவது ஒருநாள் தோண்டினால், இது ரோண்டா செய்த வேலை என்று சொல்ல வேண்டும் என்ற ஆசை. தோண்டினேன். பார்த்தேன். என் பெயர்தான் இருந்தது. ஒன்பது ஆண்டுக்கு முந்தைய தேதி இருந்தது. டாரா குனிவதற்குள் கையுறையால் சேற்றை அள்ளி அந்த எழுத்தின்மேல் பூசினேன். எழுதிய கையாலேயே மூடினேன்.

டாரா, அந்த மடையன் நான்தான்.

என்ன சொல்கிறாய் அம்மா? எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே ரோண்டா" என்கிறாய். சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. இருபத்தாறு ஆண்டு நல்ல பெயர் என் வாயை அடைத்துவிட்டது. வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன்.

மணி அடிக்கிறது. அடிக்கட்டும்.

வீட்டுக்குப் போனேன். என்மேல் தப்பில்லை, புத்தகம் சொன்னபடிதானே செய்தோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு பழுப்பு நூலைப் புரட்டினேன். அந்தப் பக்கம் வந்தது. அங்கே என்ன எழுதியிருந்தது தெரியுமா? "புதைகுழாயின் ஆழம், உள்ளூர் நகரமன்றம் நிர்ணயித்தபடி," அதற்கப்புறம் ஒரு கோடு, காலிக் கோடு, அதற்கப்புறம் "அங்குலம்." எந்த ஊர் மண் எவ்வளவு உறையும் என்று புத்தகம் எழுதியவருக்கு எப்படித் தெரியும்? அந்தந்த ஊர் தன் கையால் எழுதிக்கொள்ளட்டும் என்று இடம் விட்டிருக்கிறார்.

நகரமன்ற அலுவலகத்தில் இருக்கும் மூலப் பிரதியைப் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அந்தக் கோடு காலி. இல்லை, முழுக்கக் காலி என்று சொல்ல முடியாது. அதன்மேல் யாரோ காப்பிக் கோப்பையை வைத்திருக்கிறார்கள். வட்டமாக ஒரு கறை இருக்கிறது. முப்பத்தொரு ஆண்டுக்கு முன்னும் நம் ஊரில் எந்த நூல் என்று ஐந்து மாதம் சண்டை நடந்ததாம். இன்று முன்வரிசையில் தலையாட்டும் பெரியவர்களே, நீங்கள் போட்ட சண்டைதான். வென்றவர் கைதட்டினார், தோற்றவர் கதவை அறைந்தார், எல்லோரும் வீட்டுக்குப் போனார்கள். கோட்டை நிரப்ப ஒருவரும் இல்லை. கட்பேங்க் தெருவில் நான் குழாய் புதைத்த அன்று ஆய்வாளர் வந்தார். "எவ்ளோ ஆழம்?" என்றார். "முப்பது" என்றேன். "புத்தகத்துல நம்பர் இல்லையே, சரி மூடு" என்றார். மூடினேன்.

சரி, பச்சை நூலாவது பரவாயில்லையா என்று பார்க்க, வெட்கத்தை விட்டு வெஸ் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரும் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொடுத்தார். புரட்டினேன். அதே பக்கம். அதே வாசகம். அதே காலிக் கோடு.

பழுப்பிலும் காலி, பச்சையிலும் காலி. நாம் எதற்காக நான்கு மாதம் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் இருந்தோம்? இன்று நீங்கள் வாசிக்கப் போகும் தீர்மானத்தை இரண்டு முறை படித்தேன் மேயரம்மா. அதிலும் அந்தக் கோடு காலியாகத்தான் இருக்கிறது. மே மாதம் முதல் வாரத்தில் வில்லோ தெருவில் இருபத்திரண்டு புதிய வீடுகளுக்கு வெஸ் மண்ணைத் தோண்டப் போகிறார். எந்த ஆழத்துக்குத் தோண்டுவார்? எழுதாத எண்ணை யார் கேட்பார், யார் கொடுப்பார்? இருபத்திரண்டு டாராக்கள் எங்கே போய்க் குளிப்பார்கள்?

"சரி, என்ன நம்பர்னு நீயே சொல்லு" என்கிறீர்கள். கேட்கத் தெரிந்த ஊர் இது. அந்தக் கேள்வியோடுதான் நான் ஆர்லோ டீட்ஸிடம் போனேன்.

ஆர்லோவை யாரும் கூட்டத்துக்கு அழைப்பதில்லை. நம் கல்லறைத் தோட்டத்தில் நாற்பது ஆண்டுகளாகக் குழி வெட்டுபவர். அதோ, கதவோரம் நிற்கிறார். ஒளியாதே ஆர்லோ, எல்லோரும் பார்த்தாயிற்று.

"ஆர்லோ, நம்ம ஊரு மண்ணு எவ்ளோ ஆழத்துக்கு ஒறையுது?" என்று கேட்டேன்.

"எந்த வருஷம்? யாருக்கு வெட்டுன வருஷம்?" என்றார்.

"அரசாங்க வரைபடத்துல நாப்பத்திரண்டுன்னு போட்டிருக்கு."

"வரைபடம் போட்டவன் இங்க வந்து பிப்ரவரி மாசத்துல குழி வெட்டுனானா?"

உள்ளே போய் ஓர் இரும்புக் கம்பியை எடுத்துவந்தார். இதோ, என் கையில் இருப்பது அதுதான். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரிகிறதா? குளிர்காலத்துக் குழியில் பக்கச் சுவரை இந்தக் கம்பியால் தட்டிக்கொண்டே கீழே இறங்குவாராம். உறைந்த மண் கணீரென்று ஒலிக்கும். உறையாத மண் சத்தமே போடாது. சத்தம் எங்கே நிற்கிறதோ அந்த இடத்துக்கு நேராகக் கம்பியில் அரத்தால் ஒரு கோடு இழுப்பாராம். நாற்பது குளிர்காலங்கள், நாற்பது கோடுகள். யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளலாமே என்று செய்திருக்கிறார்.

"இது அம்பத்தொண்ணு அங்குலம், ஹென்றி வாஸுக்கு வெட்டுனது. அந்த வருஷம் பனி நல்லா பேஞ்சிது. இது அம்பத்தெட்டு, தபால்கார லூதர். இது அறுவத்தொண்ணு" என்று விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். ஒரு கோட்டுக்கு முன்னால் விரல் நின்றது.

"அது என்ன, எல்லாத்துக்கும் கீழ?" என்றேன்.

"அது வேணாம் ரோண்டா."

"சொல்லு ஆர்லோ."

"அறுவத்தாறு. கர்டிஸ்."

கர்டிஸ் என் கணவர். ஒன்பது ஆண்டுக்கு முன் ஒரு பிப்ரவரியில் போனார். இந்த வருடம்போலவே பனி பெய்யாத குளிர்காலம். அந்தக் குழியை வெட்ட ஆர்லோவுக்கு மூன்று நாள் பிடித்தது. வீட்டில் இருக்க முடியாமல் நானும் போய் ஓரத்தில் நின்றேன். குழியின் சுவரில் உறைந்த மண் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்ததை, அது கிட்டத்தட்ட என் உயரத்துக்குக் கீழே இறங்கியிருந்ததை, இந்தக் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, அதே ஆண்டு ஆகஸ்டு மாதம், கட்பேங்க் தெருவில் முப்பது அங்குலத்தில் குழாய் புதைத்தேன்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. இந்த ஊரில் எவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். துக்கத்தில் இருந்தேன், சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போக நினைத்தேன், புத்தகத்தில் எண் இல்லை, ஆய்வாளர் மூடச் சொன்னார். எல்லாம் உண்மை. ஆனால் அந்தக் காலிக் கோட்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். காலிக் கோடு இருக்கும்வரை நாளை இன்னொருவர் போய் அங்கே ஒளிவார்.

அறுபத்தாறு, அதற்குக் கீழே பாதுகாப்புக்கு ஓர் ஆறு. எழுபத்திரண்டு அங்குலம். இதுதான் எண்.

வெஸ் எழுந்து நிற்கிறார். சொல்லுங்கள் வெஸ், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஆறடி பள்ளம்னா ரெண்டு பக்கமும் முட்டுக் குடுக்கணும் ரோண்டா. இல்லன்னா மண்ணு சரிஞ்சு ஆளு மேல விழும். ஒரு நாள்ல முடியற வேலை மூணு நாள் இழுக்கும். இந்த வருஷத்துல இருபத்திரண்டும் முடியாது. வீட்டுக்காகக் காத்திட்டிருக்கறவங்களுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

நியாயமான கேள்வி. வெஸ் கெட்டவர் இல்லை, அவர் சொல்வதில் பொய்யும் இல்லை. இருபத்திரண்டு முடியாது, பதினான்கோ பதினைந்தோதான் முடியும். முடிந்த பதினைந்தில் குளியல் தொட்டி குளிப்பதற்கு இருக்கும். மற்ற ஏழு குடும்பத்துக்கும் அடுத்த கோடை என்று சொல்வோம். நீங்கள் தனியாகச் சொல்ல வேண்டாம், நானும் உங்களோடு வந்து ஒவ்வொரு வாசலிலும் நின்று சொல்கிறேன். முட்டுக் கொடுக்கும் வேலைக்குப் பள்ளத்தில் இறங்கவும் நான் தயார். உங்கள் பச்சை நூலே வந்தாலும் வந்து நிற்பேன்.

ஆம், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பழுப்புப் படையின் தோழர்களே. தொப்பியை நிமிர்த்திக் கேளுங்கள். பழுப்புக்கு வாக்களித்தாலும் சரி, பச்சைக்கு வாக்களித்தாலும் சரி, எந்த நூலைத் தேர்ந்தெடுத்தாலும் எனக்குச் சம்மதம். கூரையில் ஓட்டை போடச் சொன்னால் போடுகிறேன். தொட்டிக்கு அடியில் மூடி வைக்கச் சொன்னால் முணுமுணுத்துக்கொண்டே வைக்கிறேன். ஆனால் அந்தக் கோடு காலியாக இருக்கும் எந்தச் சட்டத்தின் கீழும் இனி இந்த ரோண்டா மண்ணுக்குள் ஒரு குழாயும் போட மாட்டாள். உரிமத்தைப் பறித்தாலும் போட மாட்டாள். என் பெயரை எழுதும் குழாய் இனி எழுபத்திரண்டு அங்குலத்துக்குக் கீழேதான் கிடக்கும்.

டாரா, மண் இளகியதும் மே மாதம் முதல் திங்கட்கிழமை உன் வாசலில் நிற்பேன். வில்லோ தெருவுக்கு முன்னால் உன் வீடு. அந்தக் குழாயைப் பெயர்த்தெடுத்து ஆறடியில் புதைத்துத் தருவேன். அது என் கடமை, அதற்கு நன்றிகூடச் சொல்ல வேண்டாம். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் விருப்பம். இந்த ஊரைவிட்டுப் போய்விடலாமா என்று நீ யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒரு குளிர்காலம், ஒரே ஒரு குளிர்காலம் பொறுத்துப் பார்.

மணிச்சத்தம் நின்றுவிட்டது. மேயரம்மா மணியைக் கீழே வைத்துவிட்டுப் பேனாவைத் தேடுகிறார். தேட வேண்டாம் அம்மா, இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது. குழாயில் பெயர் எழுதும் கறுப்பு மைப் பேனா. மண்ணுக்குள் ஒன்பது ஆண்டு கிடந்தாலும் அழியாது. அதற்கு நானே சாட்சி.

ஆர்லோ, இந்தா உன் கம்பி. பத்திரமாக வைத்துக்கொள். என்றைக்காவது கர்டிஸுக்குப் பக்கத்தில் எனக்கும் நீதான் வெட்டப் போகிறாய். அது பிப்ரவரியாக இருந்தால் மறக்காமல் தட்டிப் பார்த்து ஒரு கோடு போடு. எந்த ஆழத்தில் போட்டாலும் சரி, அதற்கும் கீழே இந்த ஊரின் தண்ணீர் உறையாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மூன்று நிமிடம் கேட்டு முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டவளைப் பொறுத்த தலைவருக்கும், சிரித்தவர்களுக்கும், சிரிப்பை நிறுத்தியவர்களுக்கும், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு கடைசிவரை எழுந்து போகாமல் இருந்த டாராவுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. முதலில் எண்ணை எழுதுங்கள், பிறகு வாக்கெடுங்கள். வருகிறேன், வணக்கம்.